உன்னிச்சைப் பக்கம் கண்ட பெரிய பாம்பு அனகொண்டாவா?

மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் ஆளளவுக்கும் மேல் நீளமான பாம்பொன்று நீந்தியது, அது அனகொண்டாவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அனகொண்டா தென் அமெரிக்காவில், அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளில் வாழ்வது. நீங்கள் கண்டது பெரும்பாலும் வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு. அதுவும் நன்றாக நீந்தும்.

தோலைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பச்சை அனகொண்டாவுக்கு ஒலிவ் பச்சை உடம்பு, அதன்மேல் வட்டமான கரும்புள்ளிகள். கண்ணும் மூக்குத் துளையும் தலையின் மேற்புறம் இருப்பதால், உடம்பை நீருக்குள் மறைத்துக்கொண்டு கப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குக்கோ கெய்மன் முதலைக்கோ காத்துக்கிடக்கும். வெங்கிணாந்திக்கு ஒழுங்கற்ற பழுப்புத் திட்டுகள், தலையில் அம்பு முனை போன்ற அடையாளம்.

குட்டி விடயத்தில்தான் பெரிய வேறுபாடு. அனகொண்டா உயிருள்ள குட்டிகளை ஈனும். வெங்கிணாந்தி முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்து, தசைகளை நடுங்க வைத்துச் சூடு கொடுக்கும். பாம்புக்கு இவ்வளவு பொறுமையா என்று தோன்றும்!

சரி, இரண்டுக்கும் விஷமில்லை, ஆனால் கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். அடிக்க வேண்டாம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அந்த வாய்க்காலில் இறங்கிக் குளிப்பதென்றால், நான் பயப்படுவது முதலைக்குத்தான்.