நெல்லைப் பற்றி எழுதின கிரேக்கர்

கேள்வி: மகள் ஏ.எல் பயோ படிக்கிறாள். தியோபிராஸ்டஸ் தாவரவியலின்ர தந்தை எண்டு ஒரு வரிதான் நோட்ஸில கிடக்கு. ஆர் இந்த மனுசன்? எங்கட பக்கத்து மரஞ்செடி ஏதும் அவருக்குத் தெரிஞ்சிருந்ததோ?
– ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: ஒரு வரியோட விடுற ஆளில்லை அக்கா அவர். கி.மு. 371 அளவில லெஸ்போஸ் தீவில பிறந்தவர், அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு ஏதென்ஸில லைசியம் பள்ளிக்கூடத்தை 35 வருஷமளவு நடத்தினவர். எழுதிக் குவிச்சதில கனக்க அழிஞ்சு போச்சு, தாவரங்களைப் பற்றின ரெண்டு பெரிய நூல் தப்பியிருக்கு.

அதில நெல் வருது! இந்தியாவில கூடுதலா விதைக்கிறது இதைத்தான், குத்தி எடுத்து அவிச்சுச் சாப்பிடுறவை, லேசாச் சமிக்கும், கனகாலம் தண்ணிக்குள்ளதான் நிக்கும், கதிர் கோதுமை மாதிரி இல்லாமல் தினை மாதிரி விரியும் எண்டு எழுதியிருக்கிறார். தண்ணிமுறிப்புக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற ஆரிட்ட இதை வாசிச்சுக் காட்டினாலும் நெல்லெண்டு உடன சொல்லுவினம். இத்தனைக்கும் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, அலெக்சாண்டரோட படையில போய் வந்தவை கொண்டுவந்த தகவல்தான்.

ஆலமரமும் இருக்கு. வருஷாவருஷம் கொப்பில இருந்து இறங்கி நிலத்தைப் பிடிக்கிற விழுதை, கொப்பை விட வெள்ளை, மயிர்மயிரா இருக்கும், இலை இல்லை எண்டு பிரிச்சுக் காட்டி வேர் எண்டே எழுதுறார், பாக்காத மரத்துக்கு இவ்வளவு சரியா எழுதினதுதான் எனக்குப் பெரிய விசயம். இலை கேடயமளவு எண்டது மட்டும் பிழை, சொன்னவை கூட்டிச் சொல்லியிருக்கினம்.

தன்ர நாட்டு மரங்களுக்கும் இடா மலை ஆக்கள் இப்பிடிச் சொல்லுகினம், மாசிடோனியாக்காரர் அப்பிடிச் சொல்லுகினம் எண்டு மரத்தோட புழங்கின சனத்திட்ட கேட்டுத்தான் எழுதினவர். ஆனா கேட்டதெல்லாத்தையும் நம்பேல்லை. ஒரு மருந்துச் செடியை இரவிலதான் கிண்டோணும், பகல்ல காய் பிடுங்கேக்க மரங்கொத்தி கண்டால் கண்ணுக்கு ஆபத்து எண்டு வேர் கிண்டுறவை சொன்னதை, இது சும்மா கட்டின கதை எண்டு ஒதுக்கிப்போட்டார்.

மகளுக்கு நேரமிருந்தால் ஊரில வயசான ஆக்களிட்ட மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரி பழைய நெல்லெல்லாம் எந்த வயலில விதைச்சவை, எத்தினை மாதத்தில வெட்டினவை, சோறு எப்பிடியிருந்தது எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. அடுத்த லீவு மட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் அக்கா, அந்தச் சனம் இருக்கேக்கையே கேக்கோணும்.