பேசும் அவதார் செய்யும் மகளை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பள்ளி இறுதி ஆண்டில் இருக்கும் மகள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கணினி முன் உட்கார்ந்து ஒரு பொம்மை முகத்தைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் இதுதான் என் வேலை என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்படிக் கணினியில் பேசும் முகத்தை, அதாவது செயற்கை நுண்ணறிவு அவதாரை, தயாரிப்பதற்கென்றே ஒரு தனிப் பயிற்சியில் சேரப் பணம் கேட்கிறாள், கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஆனால் அவள் செய்வதைத் தடுக்கவும் வேண்டாம்.

ஏன் கட்ட வேண்டாம் என்கிறேன் என்றால், இந்தக் கருவிகள் மாறுகிற வேகம் அப்படி. 2020-ல் ஹைதராபாத்தில் உள்ள ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வாவ்-டு-லிப் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே இருக்கும் வீடியோவில் உதட்டை மட்டும் புதுக் குரலுக்கு ஏற்ப அசைக்கும். அதை ஓட்டவே கொஞ்சம் நிரல் தெரிந்திருக்க வேண்டும். 2023-ல் வந்த சேட்-டாக்கர் ஒரே ஒரு புகைப்படத்தையும் குரலையும் வைத்துத் தலையசைவையும் சேர்த்துத் தந்தது. இன்றைக்கு பிரவுசரில் படத்தை ஏற்றி, வசனத்தை ஒட்டினால் போதும், முகம் பேசுகிறது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதை உங்கள் மகள் ஒரு வாரத்தில் தானே கற்றுக்கொள்வாள், அநேகமாகக் கற்றுவிட்டாள். அவள் பட்டம் வாங்கும்போது அந்தப் பொத்தான்கள் இருக்காது.

எது மிஞ்சும்? ஒரு மாணவன் கதையைச் சொல்கிறேன். அவன் செய்த அவதாரைக் காட்ட என்னிடம் வந்தான். முகம் அழகு, குரல் தெளிவு. "அம்மா, நான் வந்துட்டேன்" என்பது முதல் வசனம். எனக்கு ஏதோ உறுத்தியது. சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். "ம்மா" வரும் இடத்தில் உதடு ஒட்டவே இல்லை! லேசாகத் திறந்தபடியே கடந்துபோனது. கண்ணாடி முன் நின்று அவனையே சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னான், சிரித்தான், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வீடியோவை ஒவ்வொரு பிரேமாக, அதாவது அதிலுள்ள ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்த ஆரம்பித்தான். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒற்று இரட்டிக்கும் இடத்தில் சில பிரேமாவது வாய் மூடியிருக்க வேண்டும். "ம்"மைக் கொஞ்சம் அழுத்தி மறுபடி பேசிப் பதிவு செய்து ஓட்டினான். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் உதடு சேர்ந்தது.

அந்த அரை மணி நேரம்தான் இந்தத் தொழிலே. அனிமேஷன்காரர்கள் ஒலிகளை வாய் வடிவங்களாகப் பிரிப்பார்கள். அவற்றுக்கு விசீம் என்று பெயர். "படம்", "மடம்" இரண்டையும் சத்தமில்லாமல் சொன்னால் வாய் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் இரண்டு ஒலிக்கும் ஒரே வடிவம் போதும். ரூபார்ப் என்ற இலவசக் கருவி அடிப்படையாக ஆறே வடிவங்களை வைத்து ஒரு கார்ட்டூனைப் பேச வைத்துவிடுகிறது. நம் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டினால், ப-வும் ம-வும் உதடு சேர்ந்து பிறக்கும், வ-வுக்குப் பல்லும் உதடும் சேரும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் உதடு குவியும் என்று தெளிவாக இருக்கிறது. தமிழ் அவதார் செய்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அவள் எந்த இடத்தில் நேரம் போவதே தெரியாமல் நிற்கிறாள் என்று கவனிப்பது. முகத்தை வரைந்து வரைந்து அழிக்கிறாளா? அனிமேஷன் அல்லது காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) பக்கம் போகலாம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம், இன்றே தொடங்கலாம். இந்த இயந்திரம் எப்படி இதைச் செய்கிறது என்று குடைகிறாளா? அப்படியானால் கணினி அறிவியல், ஆனால் அதற்குக் கணக்கில் அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் நன்றாக வர வேண்டும், கணக்கை விட்டுவிடக் கூடாது. உச்சரிப்பு இடறினால் அவளுக்குக் காது வலிக்கிறதா? மொழியியல் படிப்பை யாரும் இவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். பேச்சுத் தொழில்நுட்பம், டப்பிங் இரண்டுக்கும் அந்தக் காது வேண்டும். வசனத்தையே திருப்பித் திருப்பி எழுதுகிறாள் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம். எழுதத் தெரிந்தவர்களை இந்தத் துறையில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையாக அவளுக்குச் சில விஷயங்கள். படம் நேர்முகமாக, வாய் மூடி, முடி உதட்டில் விழாமல் இருக்கட்டும். குரலை எதிரொலி இல்லாத அறையில் பதிவு செய்யட்டும். கணினிக் குரல் என்றால் எண்களையும் சுருக்கெழுத்துகளையும் முழுச் சொல்லாக எழுதிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் கண்டபடி படிக்கும். அச்சு அசல் மனித முகத்தை விட்டுவிட்டு கார்ட்டூனில் தொடங்குவது நல்லது. மனிதனைப் போலவே இருந்து கொஞ்சம் மட்டும் பிசகும் முகம் நம்மை அசௌகரியப்படுத்தும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். கார்ட்டூன் தடுமாறினால் நாம் மன்னித்துவிடுவோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அனுமதி வாங்காமல் இன்னொருவர் முகத்தையோ குரலையோ அவள் பயன்படுத்தக் கூடாது. ஆசிரியர், தோழி, நடிகர் யாராக இருந்தாலும் சரி, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வாயில் வராத வார்த்தையை ஒருவர் வாயில் வைப்பது அவரை எவ்வளவு காயப்படுத்தும் என்று அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். நிஜம்போலத் தோன்றும் செயற்கை வீடியோவைச் செயற்கையானது என்று அறிவிக்க வேண்டும் என யூடியூபும் 2024 முதல் கேட்கிறது. கருவியின் உரிமத்தையும் படிக்கப் பழக்குங்கள். நான் மேலே சொன்ன வாவ்-டு-லிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் திறந்த பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. இலவசம் என்பதாலேயே விற்கலாம் என்று ஆகாது.

ராத்திரி பன்னிரண்டு மணியைப் பற்றி: பத்தரைக்கு மேல் கணினி வேண்டாம் என்று சொல்லுங்கள், தேர்வு ஆண்டு. காரணம் தூக்கம் என்று சொல்லுங்கள், அவதாரைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த முறை நாம் பேசுவதற்குள் அவள் செய்த முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் எதையெல்லாம் திருத்தினாள், ஏன் திருத்தினாள் என்று அவள் கைப்பட ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்பதை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்.