எந்தப் பிரிவையும் சாராத சபை எதை நம்புகிறது?

மகளுக்கு வந்திருக்கும் பேச்சுக்காலில் மாப்பிள்ளை வீட்டார் தங்களை "எந்தச் சபைப் பிரிவையும் சாராத கிறிஸ்தவர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும், மெதடிஸ்தக் குடும்பத்தவரான உங்களுக்கு அது பெந்தெகொஸ்தேயின் மறுபெயரா, அவர்கள் எதை விசுவாசிக்கிறவர்கள், அவர்களுக்கென்று ஓர் அடையாளம் உண்டா என்பவை விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மானிப்பாய்ப் பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்த நான், 2012 இல் அவ்வாறான ஒரு சபையில் சேர்ந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். எனவே உள்ளிருந்து சொல்கிறேன். எங்கள் சபைக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை; சில இடங்களில் எங்களையே குறை சொல்லவும் போகிறேன்.

விசுவாசத்தைப் பொறுத்தவரை நீங்கள் திடுக்கிடும்படியாக எதுவும் இராது. எங்கள் மண்டபத்துச் சுவரில் விசுவாச அறிக்கை ஒன்று சட்டமிட்டுத் தொங்குகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக தேவன். மெய்யான தேவனும் மெய்யான மனிதருமாகிய இயேசு கிறிஸ்து. அவருடைய சிலுவை மரணம், உயிர்த்தெழுதல், மீண்டும் வருதல். கிரியைகளினால் அன்றிக் கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு உண்டாகும் இரட்சிப்பு. 66 புத்தகங்கள் அடங்கிய வேதாகமமே விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் முடிவான அளவுகோல் என்பது. அவ்வளவுதான். உங்கள் ஆராதனையில் சொல்லப்படும் அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியும் எந்த வரியோடும் மோதாது. ஆனால் அந்தப் பிரமாணத்தை நாங்கள் ஆராதனையில் சொல்வதில்லை. மனிதர் இயற்றிய வாசகம் வேதத்துக்குச் சமமாக உயர்ந்துவிடக் கூடாது என்பது சபையை நடத்தும் எங்கள் மூப்பர்கள் தரும் விளக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரில் தொங்குவதும் மனிதர் எழுதியதுதான். நிசேயாவில் 325 ஆம் ஆண்டிலே கூடிய ஆயர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் சொல் சொல்லாக வாதாடி எழுதிய நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, மூப்பர்கள் மூவர் ஒரு பிற்பகலில் தட்டச்சுச் செய்த தாளை மாட்டி வைப்பதில் என்ன கூடுதல் பரிசுத்தம் இருக்கிறது என்று நான் கூட்டத்திலேயே கேட்டிருக்கிறேன்.

உங்கள் சபைக்கும் எங்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது. நாங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடக் கூடிய வயதில், தண்ணீரில் முழுக்கியே கொடுக்கிறோம். குழந்தைப் பருவத்தில் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்ட எனக்கும் முப்பத்தோராம் வயதில் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் மறுபடியும் நடந்தது. அங்கே கடல் ஆழம் குறைந்தது. நெஞ்சளவு தண்ணீர் வரும்வரை வெள்ளைச் சேட்டோடும் வேட்டியோடும் நடந்துகொண்டே இருந்தேன். கரையில் நின்ற அம்மா தூரத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்தார். திரும்பி வந்தபோது துவாயைத் தந்துவிட்டு, "அப்ப நாங்கள் உனக்குக் குடுத்த ஞானஸ்நானம் பொய்யெண்டோ சொல்லுறாய்?" என்று மட்டும் கேட்டார். பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதை அவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்களைப் போன்ற சுயாதீன சபைகளில் சில பழைய ஞானஸ்நானத்தை ஏற்று அங்கத்துவம் தருகின்றன, சில தருவதில்லை. உங்கள் மகள் அந்த வீட்டுக்குப் போனால் அவரிடமும் இக்கேள்வி வரும். பேரப்பிள்ளை பிறக்கும்போது உங்களிடமும் வரும். ஆகவே பந்தற்கால் நடுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

திருவிருந்தை நாங்கள் "அப்பம் பிட்குதல்" என்கிறோம், ஞாயிறுதோறும் நடக்கும். அங்கி இல்லை, பீடம் இல்லை, அச்சிட்ட ஆராதனை முறை இல்லை. சிறிய மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாண், பக்கத்தில் முந்திரிகை இரசம். உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து பழம் வாங்கி, அதைக் காய்ச்சி வடித்துப் போத்தலில் கொண்டுவரும் அக்கா ஒருவர் சபையில் இருக்கிறார். மூப்பர் ஒருவர் ஜெபித்துப் பாணைப் பிய்த்துக் கொடுக்க, அது கதிரை வரிசைகளில் கைமாறிப் போகும். அடுத்த ஆளுக்குக் கொடுக்கும்போது அவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று பார்க்காமல் கொடுக்க வேண்டியிருக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே நான் இந்தச் சபையில் நிலைத்தேன் என்று சொல்லலாம். (அதே ஆட்கள் கலியாணப் பேச்சு என்று வந்தவுடன் சாதி விசாரிப்பதை நான் கண்டும் இருக்கிறேன். அந்த விடயத்தில் நாங்கள் மற்றச் சபையாரைவிட ஒரு முழம்கூட முன்னே போகவில்லை.)

"பிரிவு சாராத" என்ற சொல்லின் உண்மையான கருத்து ஆளுகையில்தான் இருக்கிறது. எங்களுக்கு மேலே பேராயர் இல்லை, பேரவை இல்லை, சபைச் சொத்தை எழுதி வைத்திருக்கும் தலைமையகம் இல்லை. போதகரை இடம் மாற்ற எவராலும் முடியாது, அனுப்பவும் எவரும் இல்லை. சபையே தன் மூப்பர்களைத் தெரிந்துகொண்டு, தன் பணத்தைத் தானே சேர்த்துச் செலவழிக்கிறது. இதைக் கேட்கும்போது சுதந்திரமாகத் தோன்றும். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: உங்கள் சபையில் குருவானவர் ஒருவர் தவறு செய்தால் முறையிட மேலிடம் ஒன்று உண்டு, எங்களைப் போன்ற சபையில் போதகரே ஸ்தாபகரும் பொருளாளரும் காணிச் சொந்தக்காரருமாக இருந்துவிட்டால், முறைப்பாட்டை அவரிடமேதான் கொடுக்க வேண்டியிருக்கும். இப்போதைய சபைக்கு வருமுன் நான் சேர்ந்திருந்த ஒரு சிறு சபை அவ்வாறுதான் குலைந்தது. வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கும் தசமபாகம் எங்கே போகிறது என்று இளைஞர் இருவர் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுவதும் மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தவர்களைப் பற்றியதாக இருந்தது. இப்போதைய சபையில் வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்; ஆண்டுக் கணக்கறிக்கை அறிவித்தல் பலகையில் குத்தப்படும். விசுவாச அறிக்கையை விட அந்தத் தாளை நான் கவனமாக வாசிக்கிறேன்.

இது நேற்று முளைத்த யோசனையுமன்று. 1816 இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகளை அனுப்பிய சங்கம் பெரும்பாலும் கொங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளத் தக்கது என்பதுதான் அம்மரபின் அடிப்படை. அந்த மிஷனின் வழிவந்த சபைகள் பின்னர் வேறு திசையில் நடந்தன. 1947 செப்ரெம்பர் 27 இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும், அந்த மிஷனின் வழிவந்தோரும் அடங்கிய ஐக்கிய சபையாரும் பிரிவுகளைக் கடந்து ஒன்றானார்கள்; யாழ்ப்பாணம் அதன் ஓர் ஆதீனமாகி (பேராயர் ஒருவரின் ஆளுகைப் பகுதியாகி), சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். இலங்கையின் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அதில் சேராதபடியால்தான் நீங்கள் இன்றும் தனித் திருச்சபையாக இருக்கிறீர்கள். பிரிவுகள் பிழை என்று உணர்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன: என் பாட்டனாருடைய தலைமுறை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப் பார்த்தது, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்து பார்க்கிறோம்.

வெளியே வந்து பார்த்தவர்களின் அனுபவம் எச்சரிக்கை தருவது. அமெரிக்காவில் 1804 இல் பார்ட்டன் ஸ்டோனும் அவருடைய தோழர்களும் தங்கள் பிரெஸ்பிற்றரியை, அதாவது பல சபைகளை ஆளும் மன்றத்தை, தாங்களே கலைத்து, அதற்கு மரண சாசனம் ஒன்றும் எழுதினார்கள். 1809 இல் தோமஸ் காம்ப்பெல் வேதத்தை மட்டும் கொண்டு எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார். "நாங்கள் வெறுங் கிறிஸ்தவர்கள்" என்று புறப்பட்ட அவ்வியக்கம், ஆராதனையில் இசைக்கருவி வாசிக்கலாமா, மிஷனரிச் சங்கங்கள் வைக்கலாமா என்று சண்டையிட்டு, 1906 ஆம் ஆண்டு அமெரிக்க அரசு எடுத்த மதக் கணக்கெடுப்பில் இரண்டு தனிப் பிரிவுகளாகப் பதிவாயிற்று. நமக்குக் கிட்டிய உதாரணம் பக்த் சிங். பஞ்சாபில் பிறந்த அவர் 1941 இல் சென்னையில் தொடங்கிய சபைகளுக்குப் பிரிவுப் பெயர் வேண்டாம் என்றார். ஊரார் அவற்றைப் பக்த் சிங் சபைகள் என்றே அழைத்தார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் நான்கு கட்சிகளைக் கண்டிக்கிறார். பவுலைச் சேர்ந்தோம், அப்பொல்லோவைச் சேர்ந்தோம், கேபாவைச் சேர்ந்தோம் என்றவர்களோடு, நாங்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தோம் என்றவர்களும் அந்தக் கண்டனத்துக்குள் வருகிறார்கள். அந்த நாலாவது கட்சி நாங்கள்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பெந்தெகொஸ்தேயா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். ஊரில் எங்களை எல்லாம் சேர்த்து "அல்லேலூயாக்காரர்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பெந்தெகொஸ்தே என்பது பரிசுத்த ஆவியின் வரங்களைப் பற்றிய ஒரு போதனை. பிரிவு சாராமை என்பது ஆளுகை பற்றியது. 1920களில் இலங்கையில் தொடங்கிய, ஊழியர்கள் வெள்ளை உடுக்கும் பெந்தெகொஸ்தே மிஷன் மிகக் கட்டுக்கோப்பான ஒரு பிரிவு. மறுபக்கத்தில், ஆவியின் ஏவுதலால் தெரியாத மொழியில் பேசுவதாகிய அந்நியபாஷையையே ஏற்காத சுயாதீன சபைகளும் இருக்கின்றன. எங்கள் சபையில் அதைத் தனி ஜெபத்தில் தடுப்பதில்லை, அது இல்லாதவரை இரட்சிக்கப்படாதவர் என்று சொல்வதுமில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் சபை இதில் எங்கே நிற்கிறது என்பதை அவர்களிடந்தான் கேட்க வேண்டும்; பெயர்ப் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடையாளம் பற்றிக் கேட்டீர்கள். அயலில் உள்ள சைவ உறவினருக்கு நாங்கள் "வேதக்காரர்". அதற்குமேல் அவர்களுக்குப் பிரிவு முக்கியமில்லை. 2012 தொகைமதிப்பில் உரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர் என்ற இரண்டே கூடுகள் இருந்தன. நீங்களும் நாங்களும் "ஏனைய" என்ற ஒரே கூட்டுக்குள்தான் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைகளோடு அதே கிறிஸ்தவ பாடத்தைப் படிக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்தான் சிரமம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் 14 ஆம் உறுப்புரை மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் உரிமையையும் தருகின்றன. ஆனாலும் 2008 ஒக்டோபரில் மத அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு விடுத்த சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி பெற வேண்டும் என்றது. பெரிய திருச்சபை ஒன்றின் பெயரில்லாத சிறு கூட்டத்துக்கு அது எளிதான காரியமாக இருக்கவில்லை. எங்கள் மண்டபம் இன்றும் கடதாசியில் ஒரு வாடகை வீடு. ஆகவே எங்கள் சபைத் தம்பதியர் முதலில் விவாகப் பதிவாளர் முன் எழுத்தை முடித்துவிட்டு, அதன்பின் சபையாருக்கு முன் ஆசீர்வாத ஜெபத்துக்கு வருகிறார்கள். உங்கள் ஆலயத்தில் திருமணம் நடத்த அவர்கள் சம்மதித்தால் இந்தச் சிக்கல் எழாது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் விசுவாச அறிக்கையைக் கேட்டு வாசியுங்கள், பெரும்பாலும் பிழையிராது. அதைவிட முக்கியமாக, மூப்பர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் போதகரின் சொந்தக்காரர், கணக்கை யார் பார்க்கிறார்கள், மகள் இடைக்கிடை தாய்வீட்டுச் சபைக்கு வந்து திருவிருந்து எடுத்தால் முகம் சுளிப்பார்களா என்று கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: ஆள் செத்தால் எங்கே அடக்கம் செய்வீர்கள்?

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்களோடு வந்து சேர்ந்த என் சிற்றப்பா காலமானபோது, எங்கள் அப்பம்மா கிடக்கும் சேமக்காலையில் இடம் கேட்டுப் பழைய சபைக்குப் போனோம். பதிவேட்டில் அவர் பெயர் வெட்டப்பட்டிருந்தது. சந்தா கட்டாதவருக்குக் குழி வெட்ட விதியில்லை என்றார்கள். இரவு பதினொரு மணிவரை பேச்சு நடந்தது. சின்னம்மா தன் பெயரில் சந்தாவை விடாமல் கட்டி வந்த பற்றுச்சீட்டுகளைப் பலகாரத் தகரப்பேணி ஒன்றுக்குள் இருந்து எடுத்து மேசையில் பரப்பிய பிறகே இடம் கிடைத்தது; அவர்களுடைய குருவானவரே அடக்க ஆராதனையை நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் மூப்பர்கள் பின்வரிசையில் சனத்தோடு சனமாக நின்றார்கள். சிறு வயதில் பாடமாக்கிய அடக்க ஆராதனையின் மறுமொழிகள் ஒன்றும் மறக்காமல் என் வாயில் வந்தன.

அதன்பின் நடந்த சபைக் கூட்டத்தில் எங்களுக்கென்று ஒரு துண்டுக் காணி தேட வேண்டும் என்று தீர்மானித்தோம். பிரதேச சபைக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. சின்னம்மா சந்தாவை நிறுத்தவுமில்லை.