ஒரே பாட்டிலில் மூன்று திராட்சை ரகம் ஏன்?

கேள்வி: கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். பிரான்சில் வேலை பார்க்கும் மகன் 'கோத் து ரோன்' என்ற சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். லேபிளில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று ரகம் போட்டிருக்கிறது. நல்ல ரகம் ஒன்று போதாதா, ஏன் கலக்கிறார்கள்? இவற்றை நான் நடலாமா?

பதில்: ஐயா, தரம் குறைந்ததை மறைக்கக் கலப்பதில்லை. இந்த ஒயின் வரும் பிரான்சின் தெற்கு ரோன் பகுதியில் அது தோட்டத்திலேயே தொடங்கும் ஏற்பாடு.

அங்கே முதன்மை ரகம் கிரெனாஷ். வெயிலையும் வறட்சியையும் தாங்கும், சர்க்கரை நன்றாக ஏறும். கொடி தடித்து நிமிர்ந்து நிற்பதால், பந்தல் இல்லாமல் குத்துச்செடியாக வளர்த்தாலும் மிஸ்ட்ரல் என்ற பலத்த வடகாற்றில் சாயாது. ஆனால் பூக்கும் நேரம் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ கொட்டி, குலை இடைவெளி விழுந்து நிற்கும். தோல் மெல்லியது, சாற்றில் நிறமும் துவர்ப்பும் குறைவு. தனியாக வைத்தால் ஒயின் சீக்கிரம் காற்றுப்பட்டுப் பழுப்பேறிவிடும்.

அந்தக் குறையைத்தான் மற்ற இரண்டும் அடைக்கின்றன. சிரா கருநிறம் தரும். அதில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். நம் மிளகிலும் இருப்பது அதேதான். இதன் இளந்தண்டு காற்றில் எளிதில் ஒடியும் என்பதால் கம்பி கட்டி வளர்க்கிறார்கள். மூர்வெத்ர் தடித்த தோல்காரன். துவர்ப்பு கூடுதல், ஒயினைக் காற்றுக்குக் கெடாமல் காக்கும். ஆனால் கடைசியாகத்தான் பழுக்கும், வெயில் நிறைய வேண்டும். மூன்றும் வெவ்வேறு நாளில் பழுப்பதால் பெரும்பாலும் தனித்தனியாகப் பறித்து நொதிக்கவைத்து, பிறகு சுவைத்துப் பார்த்து அளவு முடிவு செய்கிறார்கள். ஒரு வருடம் கிரெனாஷ் ஏமாற்றினால் மற்றவை கைகொடுக்கும். அதே பகுதியில் ஷாத்தோநெஃப் து பாப் ஒயினுக்கு 13 ரகங்கள் வரை அனுமதி உண்டு.

சரி, நீங்கள் நடலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும், வறண்ட கோடையில் பழுக்கும். உங்கள் ஊரில் கொடி உறங்குவதே இல்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் எப்போதும் காய்க்கும். பழுக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் குலை அழுகும். அப்படியும் ஆசை இருந்தால் சிராவை மட்டும் நாலைந்து வரிசை வைத்துப் பாருங்கள். நாசிக்கில் அதை ஷிராஸ் என்ற பெயரில் வளர்க்கிறார்கள். அக்டோபர் வாக்கில் கவாத்து செய்து, மழையில்லாத மாதங்களில் பறிக்கிறார்கள். ஒயின் தயாரிக்க அரசு உரிமம் வேண்டும் என்பதால், உரிமம் உள்ள ஆலை ஒன்று பழத்தை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் கன்று வாங்குங்கள்.