நரம்பு செல்லும் மைட்டோகாண்ட்ரியாவும்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: சார், நரம்பில் ஓடுவது மின்சாரம்தானே? அதற்கு எதற்கு செல்லின் எரிபொருளான ஏடிபி?

பதில்: சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வதால் எழுவதுதான் அந்த மின்துடிப்பும்மா. பாய்வதற்குச் செலவில்லை, பாய்ந்ததைத் திரும்ப வெளியே தள்ளத்தான் செலவு. ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் இரவு பகலாக ஓடுகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கு இந்த பம்ப் ஒரு பெரிய காரணம்.

விலங்கியல் ஆசிரியை: முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரே செல்லின் ஆக்சான், அதாவது அதன் நீண்ட இழை, போகிறதே, கடைக்கோடிக்கு ஏடிபி எப்படிப் போய்ச் சேருகிறது?

பதில்: போய்ச் சேராது டீச்சர். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம். ஏடிபி தானாகப் பரவி அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் செல்லுக்குள் ஏடிபியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே கிளம்பிப் போகிறது. ஆக்சானுக்குள் மைக்ரோடியூபூல் என்ற நுண்குழாய்கள் தண்டவாளம்போல் நீண்டு கிடக்கின்றன. அவற்றின்மேல் கைனசின் புரதம் அதை நுனிப்பக்கம் இழுத்துப் போகும். டைனீன் செல் உடல் பக்கம் திருப்பிக் கொண்டுவரும். எங்கே நிற்பது என்று யார் சொல்கிறார்கள்? இந்தத் துறையிலேயே என்னை அதிகம் வியக்கவைத்தது இதற்கான விடைதான். ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் சந்திப்பான சைனாப்ஸ் மும்முரமாக வேலை செய்யும் இடத்தில் கால்சியம் கூடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மைரோ என்ற புரதம் அந்தக் கால்சியத்தைப் பிடித்ததும் பயணம் நின்றுவிடும். தேவை எங்கேயோ, அங்கேயே இறங்கிவிடுகிறது.

ஒரு வாசகர்: அண்ணனுக்கு சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் 2ஏ வகை என்கிறார்கள். மரபணுக் கோளாறு எல்லா செல்லிலும்தானே இருக்கும்? ஏன் முதலில் பாதம்?

பதில்: அதில் பழுதாவது மைட்டோஃபியூசின் 2 மரபணு. மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று இணைவதும் ஆக்சானில் நகர்வதும் அதனால் தடைபடுகின்றன. குட்டையான செல் எப்படியோ சமாளித்துவிடும், பாதம் வரை நீளும் ஆக்சானால் முடியாது. அண்ணன் தடுமாறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

மற்றொருவர்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தயாரிக்க உதவும் கோஎன்சைம் க்யூ10 சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வில் தினம் 2,400 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலனில்லை. இதற்குச் செலவழிக்காதீர்கள் தம்பி. நரம்பியல் டாக்டர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள், அதுதான் அப்பாவுக்கு உதவும்.