இரண்டு வெள்ளைப் பாம்புகளும் ஆறு பழுப்புக் குட்டிகளும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மலேசியாவில் கடை வைத்திருக்கும் என் காக்கா (அண்ணன்), அங்கு உரிய உரிமம் பெற்றுப் பந்து மலைப்பாம்புகளை வளர்த்து வருகிறார். கறுப்பே இல்லாத, மஞ்சளும் வெள்ளையுமான அல்பினோ ஜோடி ஒன்றை, ஆணை ஒருவரிடமும் பெண்ணை இன்னொருவரிடமுமாக, நல்ல விலை கொடுத்து வாங்கினார். இவ்வாண்டு ஆறு முட்டைகள் பொரிந்தன. ஆறு குட்டிகளும் காட்டில் திரியும் பாம்புகளைப் போலப் பழுப்பும் கறுப்புமாக இருக்கின்றன. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் வெதும்பியிருக்கிறார். ஒடுங்கு பண்பு உள்ள இரண்டைச் சேர்த்தால் அதே பண்புதான் பிறக்கும் என்று பள்ளியில் படித்தேனே, இது எப்படி? அடுத்து அவர் 'ஸ்பைடர்' என்ற வகையை வாங்க நினைக்கிறார். எனக்கும் இங்கே வளர்க்க ஆசை இருக்கிறது.

வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காக்காவை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் படித்த மெண்டல் விதியும் பிழைபடவில்லை. அந்த இரண்டு பாம்புகளும் வெவ்வேறு மரபணுக்களின் பழுதால் வெளுத்தவை என்பதே எனக்கு மிகவும் பொருந்தி வருகிறது.

பாம்பின் தோலில் கறுப்பையும் பழுப்பையும் தரும் மெலனினைச் செய்கிற செல்கள் ஒருவகை. மஞ்சளையும் சிவப்பையும் தாங்கியவை இன்னொருவகை. நுண்ணிய படிகங்களால் ஒளியைத் திருப்பி அனுப்புபவை மூன்றாம் வகை. மெலனின் நின்றுபோனாலும் மற்ற இரண்டும் இருப்பதால்தான் அல்பினோ பாம்பு வெறும் வெளுப்பாக இல்லாமல் மஞ்சள் திட்டுகளோடு அவ்வளவு அழகாக இருக்கிறது. அந்த மெலனின் உருவாவது பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. அவற்றுள் எது பழுதானாலும் கறுப்பு குறையும் அல்லது மறையும். டைரோசினேஸ் என்ற நொதிக்குரிய மரபணு பழுதானால் பிறப்பது வளர்ப்போர் 'அல்பினோ' என்றே அழைக்கும் வகை. ஓசிஏ2 என்ற மரபணு பழுதானால் பிறப்பது 'லாவெண்டர் அல்பினோ'. பாம்பு வளர்ப்போர் அனுப்பிவைத்த சட்டைகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பாம்பு உரித்துப்போட்ட சட்டை இப்படி விடை சொல்லியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பாம்பனில் கட்டிக் கிடக்கும் இரண்டு விசைப்படகுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் எஞ்சின் பழுது, புரொப்பெல்லர் நன்றாக இருக்கிறது. மற்றொன்றில் புரொப்பெல்லர் உடைந்திருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது. இரண்டும் கடலுக்குப் போகாதவை என்பதால், கரையில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றின் நல்ல எஞ்சினையும் மற்றதன் நல்ல புரொப்பெல்லரையும் ஒரே படகில் பொருத்தினால் அது ஓடும். உங்கள் காக்காவின் குட்டிகளுக்கு நேர்ந்தது அதுவே. ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; இரண்டும் பழுதானால் மட்டுமே வெளித்தெரிவதுதான் ஒடுங்கு பண்பு, ஒன்று நன்றாக இருந்தாலே வேலை நடந்துவிடும். ஆகவே, தாயிடம் பழுதானது தந்தையிடமிருந்தும், தந்தையிடம் பழுதானது தாயிடமிருந்தும் நல்ல நிலையில் வந்துசேர, மெலனின் வழக்கம்போல உருவாகிவிட்டது. பள்ளிப் பாடத்தின் விதி இரண்டு பழுதுகளும் ஒரே மரபணுவில் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

இன்னொரு வாய்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண் மலைப்பாம்பு முன்பு சேர்ந்த ஆணின் விந்தணுக்களை உடலில் தேக்கி வைத்திருக்கக்கூடும். வளர்ந்த பெண்ணாக வாங்கியிருந்தால், இந்தக் குட்டிகளின் தந்தை முந்தைய உரிமையாளரிடம் இருந்த சாதாரண ஆணாகக்கூட இருக்கலாம். பெற்றோர் இரண்டின் சட்டைகளையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் ஐயம் தீரும். அதற்கு முன் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு: லாவெண்டர் வகையில் வெண்மைப் பகுதி இளம் ஊதாச் சாயல் கொண்டிருக்கும், கண்ணின் சிவப்பும் சற்று அடர்ந்திருக்கும்.

முதல் ஊகம் சரியென்றால், பழுப்பாகத் தெரியும் அந்த ஆறும் இரண்டு ஒடுங்கு பண்புகளையும் மறைத்துச் சுமப்பவை. அவற்றுள் இரண்டைச் சேர்த்தால் பதினாறில் ஒன்பது பங்கு பழுப்பும், ஏழு பங்கு ஏதோ ஒரு வகையில் கறுப்பற்றவையும் பிறக்க வாய்ப்பு உண்டு. அவ்வாறு சேர்ப்பதை விட, உறவில்லாத ஓர் அல்பினோவோடு சேர்ப்பது நல்லது. அப்போது பாதிக்குப் பாதி அல்பினோவாகும். இவை ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியே உள்ள வாய்ப்புகளே தவிர, ஈற்றுக்கு இத்தனை என்ற உறுதி அல்ல. பெண் முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால் பொறுமையும் வேண்டும். சந்தையில் '66 சதவீத ஹெட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் மயங்க வேண்டாம். ஒடுங்கு பண்பை மறைத்துச் சுமக்கும் பாம்பையே 'ஹெட்' என்கிறார்கள். ஒரு பண்பை மறைத்துச் சுமக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்க்கும்போது, நிறம் மாறாத குட்டிகளில் மூன்றில் இரண்டு அதைச் சுமக்கும். எது சுமக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது என்பதே அதன் பொருள்.

ஸ்பைடரை வாங்க வேண்டாம் என்று அவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். 1999 முதல் பெருக்கப்பட்டுவரும் அந்த மெல்லிய வலைக்கோட்டு அழகுக்குக் காரணமான மரபணு மாற்றத்தோடு தலை ஆட்டமும் நிலைதடுமாற்றமும் சேர்ந்தே வருகின்றன. சில மல்லாந்து போகின்றன, சில இரையைக் குறிவைத்துப் பிடிக்கவே திணறுகின்றன. சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்புகள் அவற்றில் உருக்குலைந்திருப்பதை 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் கலப்பால் நீக்கிவிடலாம் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை.

இனி உங்கள் ஆசை. நம் ஊர்ச் சாரையும் நல்லபாம்பும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவுக்குரியது என்றாலும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதை வைத்திருப்பதையும் குட்டி பிறப்பதையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். மலேசியாவிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. உரிய ஆவணம் இல்லாத பாம்பை எவர் விற்றாலும் வாங்காதீர்கள்.

காக்கா அந்த ஆறு குட்டிகளையும் சாதாரணப் பாம்பு என்று மலிவாக விற்றுவிட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு, அது உரிக்கும் முதல் சட்டையை உலர்த்தித் தாள் உறையில் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.