பழைய எண்ணெயும் டெராஹெர்ட்ஸ் அலையும்

கேள்வி: சில்வர் பீச் அருகே மீன் வறுவல் கடை வைத்திருக்கிறேன். எண்ணெய் கெட்டுப்போனதை டெராஹெர்ட்ஸ் கருவி காட்டிவிடுமாமே, கடைக்கு வாங்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: வேண்டாம். அது நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலையைச் செலுத்திப் பார்க்கும், லேசரோடு மேசை முழுக்க அடைத்துக்கொள்ளும் ஆய்வகக் கருவி. சூடான எண்ணெயில் முனையை நுழைத்து, எண்ணெய் கெடக்கெடப் பெருகும் மொத்தத் துருவச் சேர்மங்களை அளக்கும் டிபிசி மீட்டரே உங்களுக்குப் போதும். மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்த 2018 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. மீன் பொரியும்போது அளக்காதீர்கள். நீராவிக் குமிழி அளவைக் கெடுக்கும். துண்டுகளை எடுத்து, சலசலப்பு நன்றாக அடங்கிய பிறகு பாருங்கள். மீனின் ஈரம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும் என்பதால், தண்ணீர் வடிந்த மீனையே சட்டியில் போடுங்கள்.

கேள்வி: கடலை எண்ணெயை 180 டிகிரியில் காய்ச்சி, மணிக்கொரு மாதிரி எடுத்து, டெராஹெர்ட்ஸ் நிறமாலை பதிவு செய்கிறேன். அதே எண்ணெய் மாதிரியை இரண்டு நாளில் அளந்தால் நிறமாலை இரண்டு விதமாக வருகிறது. ஏன்?
– எம்.எஸ்ஸி. மாணவி, காலாப்பட்டு, புதுச்சேரி

பதில்: முதலில் ஈரப்பதத்தைச் சந்தேகப்படுங்கள். கடலோரக் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் கூரான பள்ளம் தெரிந்தால் அது எண்ணெயுடையது அல்ல, காற்றிலுள்ள நீராவியுடையது. அலை செல்லும் பாதையைப் பெட்டியால் மூடி, உலர் நைட்ரஜன் செலுத்தி, அந்தப் பள்ளங்கள் மறைந்த பிறகே அளவெடுங்கள். எண்ணெயில் கரைந்த நீரும் ஏமாற்றும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் கலக்கி வடிகட்டுங்கள்.

அடுத்தது, எண்ணெயை ஊற்றி அளக்கும் கலத்தின் தடிமன், அதாவது அலை கடக்கும் எண்ணெயின் தடிமன். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எண்ணெய் அலையை எவ்வளவு மெதுவாக்குகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1 கழித்தால் கிடைப்பது, எண்ணெயைக் கடப்பதால் அலைக்கு நேரும் கால தாமதத்தை ஒளிவேகத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்த மதிப்பு. 2 மி.மீ. கலத்தில் 0.02 மி.மீ. பிசகினால், 1.5 என்ற எண்ணில் 0.005 தவறும். நீங்கள் தேடும் மாற்றமே அதில் மூழ்கிவிடலாம். கலத்தைப் பிரித்து மாட்டாதீர்கள். அதே இடத்தில் வைத்து ஹெக்சேனால் கழுவி உலர்த்தி, வெற்றுக் கலத்தையே ஒப்பீடாக அளந்துகொள்ளுங்கள். கலம் குவார்ட்ஸாகவோ பாலிஎதிலீனாகவோ இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி இந்த அலையை விழுங்கிவிடும். எண்ணெயின் வெப்பநிலையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். குமிழியை ஊசியால் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்க்கென்று தனிச் சிகரம் தேடாதீர்கள். 0.2 முதல் 2 டெராஹெர்ட்ஸ் வரை உட்கவர்தல் சீராகத்தான் ஏறும். காய்ச்சக் காய்ச்சத் துருவ மூலக்கூறுகள் பெருகுவதால் அந்த வளைவில் சிறு மாற்றம் வரும். அது எத்தனை சதவீதத்தைக் குறிக்கிறது என்று தனியாகச் சொல்ல முடியாது. அதே மாதிரிகளை, துருவச் சேர்மங்களைத் தனியே பிரித்து அளக்கும் சிலிக்கா பத்தி நிறப்பகுப்பிலும் அளந்து இரண்டையும் பொருத்துங்கள். அதுவரை மாதிரிகளைப் பழுப்புக் குப்பியில், காற்றுப் புகாமல், குளிரில் வையுங்கள்.